ஈப்புலியும் தரிசும்: ஒரு வகைப்பாட்டின் கதை

1885ஆம் ஆண்டு பிரெஞ்சு விலங்கியல் கழகத்தின் இதழில் முப்பத்தொன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. எழுதியவர் எழேன் சிமோன். தென்னாசியச் சிலந்திகளைப் பற்றியது. அதன் முதல் பகுதி பெல்லாரி மாவட்டத்து வஜ்ரகரூரில் சேகரித்தவற்றைப் பேசுகிறது. இரண்டாம் பகுதியின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'மதுரை மாவட்டம் இராமநாதபுரத்தில் ஃபாப்ர் பாதிரியார் சேகரித்தவை' என்று வரும். நம்ம ராம்நாடுதான். அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாம் அப்போது மதுரை மாவட்டத்துக்குள், இராமநாதபுரம் ஜமீனின் கீழ்க் கிடந்த நிலம். இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல். அதிலிருந்து பிரித்து அருப்புக்கோட்டையை விருதுநகரோடு சேர்த்தது 1985இல்.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். 1876-78 தாதுவருஷப் பஞ்சம் ஓய்ந்து ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கஞ்சித்தொட்டியும் கப்பலேற்றமுமாக இருந்த சீமையிலிருந்து சிலந்திகள் பாரிசுக்குப் போயின. லத்தீன் பெயர் பெற்றன. சிமோனின் சேகரிப்பு இன்றும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது எந்த உடலைப் பார்த்து வைத்தார்களோ, அந்த உடலே அதற்கு மூலப்பிரதி. பின்னால் சந்தேகம் வந்தால் அங்கேதான் போய்ப் பார்க்க வேண்டும். நம் முள்வேலியில் ஊர்வது நகல், பாரிஸ் புட்டியில் இருப்பது மூலம் என்றாகிறது. பிரதிகளின் அரசியல் பற்றி இவ்வளவு பேசுகிற நம் சிறுபத்திரிகைச் சூழல் இந்தப் பிரதியைக் கண்டுகொண்டதில்லை.

இங்கே நான் பேச எடுத்துக்கொண்டது தாவும் சிலந்திக் குடும்பம். அறிவியல் அதைச் சால்டிசிடே என்கிறது. தமிழில் அதற்கு ஈப்புலி என்று ஒரு பெயர் உண்டு. குழித்தறி வீட்டில் வளர்ந்தவன் நான். தறி ஓடாத மத்தியான நேரத்தில் வெள்ளையடித்த சுவரில் அது நின்று நின்று நகரும். "அது ஈயப் பிடிக்கிற புலிடா, அடிக்காத" என்பாள் ஆச்சி. ஊரே நெசவு ஊர். ஆனால் இந்தச் சிலந்தி இரைக்காக வலை நெய்யாது. பார்த்து, பதுங்கி, தாவிப் பிடிக்கும். நூல் உண்டு. தாவும் முன் இருக்கும் இடத்தில் ஓர் இழையை ஒட்டிவிட்டுத்தான் தாவும். தங்கவும் முட்டையிடவும் பட்டுக்கூடு கட்டிக்கொள்ளும். எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டும் தொலைநோக்கி மாதிரி நீண்ட குழாய்கள். தலை அசையாமல் உள்ளே விழித்திரை மட்டும் அசைந்து பார்க்கும். தாவுவதும் தசைவலிமையால் மட்டும் நடப்பதில்லை. உடலின் திரவத்தைக் கால்களுக்குள் அழுத்திப் பாய்ச்சிக் காலை விரிக்கிறது. சிலந்திகளிலேயே மிகப் பெரிய குடும்பம் இதுதான். பெயரிடப்பட்ட இனங்கள் ஆறாயிரத்துக்கும் மேல்.

ஆறாயிரமும் எங்கெங்கே இருக்கின்றன? பரவல் என்று இதைச் சொல்கிறார்கள். பரவல் வரைபடம் சிலந்தி இருக்கும் இடத்தைக் காட்டுவதாக நம்புகிறோம். உண்மையில் அது முதலில் காட்டுவது, சேகரித்தவன் போன இடத்தை.

இலங்கையை எடுத்துக்கொள்வோம். 1869இல் இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்த ஓக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் இலங்கைச் சிலந்திகளைப் பற்றி எழுதினார். அவருக்குச் சிலந்திகளை அனுப்பியவர்களில் ஒருவர் நீட்னர். அவர் இலங்கையில் காப்பித் தோட்டம் வைத்திருந்தவர். காப்பிச் செடியின் பகைவர்கள் என்று 1861இல் பூச்சிகளைப் பற்றி நூல் எழுதியவர். மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பைப் போலவே உருவம் கொண்டு, அதைப்போலவே நடந்து ஏய்க்கும் ஒரு தாவும் சிலந்திக்கும் கேம்பிரிட்ஜ் அதே 1869இல் பெயர் வைத்தார். காப்பிக்கு உழைக்கப் போன சனம் எது? இராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டைச் சீமைகளின் சனம். இந்தக் கரையில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தவர்கள். வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. ஆக இலங்கை மலைச் சிலந்தி லண்டனுக்குத் தெரியவந்த பாதை, நம் பாட்டன் பூட்டன் நடந்த பாதையின் மறுமுனை. தோட்டம் இருந்த இடத்தில் துரை இருந்தான், துரை இருந்த இடத்தில் புட்டி இருந்தது. இப்படித்தான் ஒரு மலை வரைபடத்தில் நிறைகிறது, ஒரு கரிசல்காடு வெறுமையாகக் கிடக்கிறது.

எங்கள் வீட்டுச் சுவரில் இருந்ததும் ஒரு பேரரசின் பதிவேட்டில் ஏறியதுதான். நெப்போலியன் 1798இல் எகிப்தின் மீது படையெடுத்தபோது அறிஞர் கூட்டம் ஒன்றைக் கூட்டிப் போனான். அவர்களில் சவிஞி என்பவர் சிலந்திகளையும் வரைந்தார். பிறகு அவர் பார்வை போய்விட்டது. படங்களுக்கு விளக்கத்தை வேறொருவர் எழுதி 1826இல் வெளியிட்டார். வீட்டுச் சுவர்களில் நாம் அதிகம் பார்க்கும் பிளெக்சிப்பஸ் பேகுலி அந்தப் புத்தகத்தில்தான் பெயர் பெற்றது. அது மனிதக் குடியிருப்பையும் சரக்கையும் தொற்றிக்கொண்டு உலகின் வெப்பநாடுகள் எங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பாஸ்போர்ட் இல்லை. ஆனால் உலகச் சிலந்திப் பட்டியல் இனங்களின் பரவலை நாடுவாரியாகத்தான் எழுதுகிறது. 'இந்தியா, இலங்கை' என்று. பாக் நீரிணையின் இரு கரையிலும் ஒரே வறண்ட வெயில் என்பது அந்தக் காற்புள்ளியில் காணாமல் போகிறது.

இனி வகைப்பாட்டுக்கு வருவோம். சிமோன் தன் பெருநூலின் 1901, 1903ஆம் ஆண்டுப் பகுதிகளில் தாவும் சிலந்திகளை மூன்று பெரும் பிரிவாகப் பிரித்தார். அடிப்படை என்ன? பல். கடிகொடுக்கின் பின்விளிம்பில் ஒற்றைப் பல்லா, பல பற்களா, பிளவுபட்ட பல்லா என்பதே கேள்வி. பெரிய உழைப்பு. பல பத்தாண்டுகள் உலகம் அந்தப் பல்லைப் பிடித்துக்கொண்டே நடந்தது. 2003இலிருந்து கனடாவின் வேய்ன் மாடிசனும் அவரோடு சேர்ந்தவர்களும் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தப் பிரிவுகள் உடைந்தன. ஒரே மாதிரிப் பல் உள்ளவை உறவாக இல்லை. 2015இல் மாடிசன் வெளியிட்ட வகைப்பாட்டில் ஏழு துணைக்குடும்பங்கள். மிகப் பெரும்பாலான இனங்கள் அவற்றில் ஒன்றுக்குள்ளேயே அடங்குகின்றன. இன்னொன்றும் தெரியவந்தது. அமெரிக்கக் கண்டங்களின் தாவும் சிலந்திகளில் பெரும்பகுதி தமக்குள் உறவு. ஆஸ்திரேலியப் பக்கத்தவை தமக்குள் உறவு. ஆப்பிரிக்க ஆசியக் கூட்டங்கள் தனி. எறும்பு வேஷம் போடும் சிலந்திகள் அமெரிக்காவிலும் உண்டு, இங்கேயும் உண்டு. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் வேஷம் தனித்தனியாகப் பிறந்தது. பல் மறைத்த உறவை மண் காட்டிக்கொடுத்தது. பரவலை வகைப்பாட்டின் வால் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது சாட்சியாக வந்து நின்றது.

வகைப்பாடு என்றாலே அதிகாரம் என்று ஃபூக்கோவைப் படித்த நண்பர்கள் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. சிமோன் கட்டுரை வந்த அதே 1885இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்தவர் எட்கர் தர்ஸ்டன். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடலுயிர்கள் பற்றி எழுதியவர். பிறகு அளவுகோலை மனிதர் பக்கம் திருப்பினார். மூக்கின் நீளம், அகலம், தலையின் சுற்றளவு எல்லாம் அளந்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் ஏழு தொகுதிகளாக அகரவரிசையில் அடுக்கப்பட்டன. உயிரினத்துக்கும் சாதிக்கும் ஒரே கட்டிடம், ஒரே கை. அதே கட்டிடத்தில் 1920 முதல் 1940 வரை கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லி சிலந்திகளை ஆராய்ந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். 1871இல் வடக்கே வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கமுதி, முதுகுளத்தூர் வட்டாரத்து மறவர்களும் அதில் சிக்கினார்கள். பிறந்த வீட்டை வைத்துக் குற்றவாளி என்று எழுதிய அந்தச் சட்டம் 1947இல்தான் இந்த மாகாணத்தில் ஒழிந்தது.

வெள்ளைக்காரனைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. தொல்காப்பிய மரபியலைத் திறந்து பாருங்கள். உயிர்களை அறிவால் அடுக்குகிறது. கறையானும் எறும்பும் மூன்றறிவு. நண்டும் தும்பியும் நான்கறிவு. நான்காவது அறிவு கண், ஐந்தாவது செவி. சிலந்தியைப் பெயர்சொல்லி எங்கும் வைக்கவில்லை. ஆனால் ஈப்புலியைப் பார்த்தவன் கண்ணறிவின் வரிசையில் தயங்காமல் வைப்பான். 2016இல் அமெரிக்காவில் ஒரு தாவும் சிலந்தியின் மூளையில் மின்முனை பொருத்திப் பார்த்தவர்கள், சில மீட்டர் தள்ளி எழும் ஓசையையும் அது உணர்கிறது என்று கண்டார்கள். அப்படியானால் ஐந்தாவதற்கு ஏற்றலாமா? ஏற்றலாம். சூத்திரம் அதற்கு இடம் விட்டிருக்கிறது. ஒவ்வொரு வகையையும் சொல்லிவிட்டு, அந்தக் கிளையில் வேறும் உண்டு என்று கதவைத் திறந்தே வைக்கிறது. ஆனால் அதே இடத்தில் ஐந்தறிவில் விலங்கோடு 'மாக்க'ளையும் சேர்க்கிறது. அதே இயலில் அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் என்று ஆளுக்கு ஆள் உரிமையும் தொழிலும் பங்குபோடும் சூத்திரங்களும் உண்டு. இடைச்செருகல் என்பார் உண்டு. இருக்கட்டும். உயிர்களை அடுக்கிய கை அடுத்த மூச்சில் மனிதரையும் அடுக்கத் தயங்கவில்லை என்பதுதான் விஷயம். சென்னை அருங்காட்சியகத்துக்கு முன்னோடி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஊரில் தெருவைப் பிரித்ததும் தனி டம்ளர் வைத்ததும் தர்ஸ்டன் இல்லை.

ஆனால் இரண்டு வகைப்பாடும் ஒன்றுதானா? இங்கேதான் நண்பர்களிடமிருந்து விலகுகிறேன். சிலந்தியின் வகைப்பாடு நூறு வருஷம் பல்லை நம்பியது, பிழை என்று தெரிந்ததும் விட்டது. பெரிய பெயர் என்பதற்காகச் சிமோனை யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை. தப்பென்று காட்டப்படும் வாய்ப்பைத் தனக்குள்ளேயே வைத்திருப்பது அதன் நேர்மை. சாதியின் வகைப்பாட்டுக்கு எந்தச் சாட்சியும் செல்லாது. எத்தனை மூக்கை அளந்தாலும், எத்தனை மரபணுவை ஒப்பிட்டாலும் அது திருந்தாது. ஏனென்றால் அது அறிவதற்காக ஏற்பட்டதல்ல. வகைப்பாட்டை முழுசாக வேண்டாம் என்று சொல்வது சுலபம். எது திருத்தத்துக்கு உட்படும், எது உட்படாது என்று கேட்பதுதான் அரசியல்.

அந்தக் கேள்வியோடு நம் நிலத்துக்குத் திரும்பினால் இன்னொரு வகைப்பாடு நிற்கிறது: தரிசு. வருவாய்த்துறை அடங்கலில் ஒரு சொல். வரி வராத நிலத்துக்கு வைத்த பெயர் நாளடைவில் உயிர் இல்லாத நிலம் என்று பொருள் கொண்டுவிட்டது. 2000இல் முதலில் வெளியான இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்நிலமும் தரிசின் ஒரு வகை. வேலாமரமும் சப்பாத்தியும் ஆவாரையும் நிற்கும் எங்கள் காடு அந்தக் கணக்கில் 'ஒன்றுமில்லாத இடம்'. திருச்சுழிக்குத் தென்கிழக்கே கமுதிப் பக்கம் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. சுமார் 2500 ஏக்கர். மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வெயிலைத் தவிர ஒன்றும் இல்லாத சீமை என்று பேசுகிறார்களே, அந்தப் பேச்சைத்தான் கேட்கிறேன். யார் பார்த்துவிட்டுச் சொன்னது? சேகரித்தவன் வராததால் வெறுமையாக விட்ட வரைபடமும், வரி வராததால் வெறுமையாக எழுதிய அடங்கலும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. ஒரு வெறுமை இன்னொன்றுக்குச் சாட்சி சொல்கிறது. ஆடு மேய்ப்பவனுக்கும் விறகு பொறுக்குபவளுக்கும் அது வெறுமையாக இருந்ததே இல்லை. அவர்கள் சாட்சியம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

2022இல் உலகச் சிலந்திப் பட்டியலில் ஐம்பதாயிரமாவது இனம் ஏறியது. அது ஒரு தாவும் சிலந்தி. தென்பிரேசில் பக்கத்தில் கண்டது. குரியூரியஸ் மினுவானோ என்று பெயர். ஒரு காலத்தில் அந்தச் சமவெளிகளில் வாழ்ந்த பழங்குடியினர் மினுவானோக்கள். அவர்கள் நினைவாக வைத்தார்கள். நல்ல காரியம்தான். படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மண்ணை எடுத்துக்கொண்ட பிறகு பெயரைத் திருப்பித் தருவது வரலாற்றில் புதிதல்ல.

நாம் செய்யக்கூடியது சின்ன வேலை. நாட்டார் பாடலைத் தொகுத்தோம், வழக்குச்சொல்லைத் தொகுத்தோம். அதே நோட்டில் எந்த வேலியில், எந்தப் பருத்திச் செடியில், எந்த மாசத்தில், என்ன பெயரில் எந்தப் பூச்சி என்றும் எழுதலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்தே எழுதலாம். 1885க்குப் பிறகு ராம்நாட்டைப் பற்றி எழுத ஒரு பாதிரியார் மறுபடி வருவார் என்று காத்திருக்க வேண்டாம். நிலத்துக்காகப் போராடுகிறவர்கள் பட்டாவோடு அந்த நோட்டையும் கையில் எடுத்துப் போகும் நாள் வரும். காலி இடம் என்று அதிகாரி சொல்லும்போது, இல்லை ஐயா, இன்னின்னது இருக்கிறது என்று பெயர்சொல்லி எடுத்துக்காட்ட வேண்டியிருக்கும்.

ஆச்சியின் வீடு இப்போது இல்லை. தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டாயிற்று. போன மாசம் போயிருந்தபோது புதுச் சுவரில் ஈப்புலி நின்றுகொண்டிருந்தது. அடிக்கப் போன பையனிடம் அதன் பெயரைச் சொன்னேன். ஆச்சி சொன்ன பெயரைத்தான்.