மயக்க மருந்துக்குப் பிந்தைய உளவியல் எதிர்வினைகள்

மயக்க மருந்துக்குப் பிந்தைய உளவியல் எதிர்வினைகள் என்பது, அறுவை சிகிச்சைக்காக அளிக்கப்படும் மயக்க மருந்தின் விளைவு நீங்கும் வேளையிலும் அதனை அடுத்த சில நாட்களிலும் நோயாளியிடம் தோன்றும் குழப்பம், கிளர்ச்சி, அழுகை, மாயக்காட்சி, அச்சம், மனச்சோர்வு முதலியவற்றைக் குறிக்கும் பொதுப்பெயராகும். இவை எல்லா வகை அறுவை சிகிச்சைகளிலும் காணப்படுபவை. எனினும் நோய் ஏதும் இல்லாத ஒருவர் தாமே விரும்பிச் செய்துகொள்ளும் அழகு அறுவை சிகிச்சையில் இவை எதிர்பாராதவையாக இருப்பதால், நோயாளியையும் குடும்பத்தாரையும் கூடுதலாகக் கலங்கச் செய்கின்றன. பழனி மலைத்தொடரிலும் கொடைக்கானலிலும் போல, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள இடங்களில் காற்றழுத்தக் குறைவும் இவ்வெதிர்வினைகளைப் புரிந்துகொள்வதில் கருதத்தக்கதாகும்.

வரலாறு

அறுவைக்கு முன் நோயாளிக்கு மது அளித்து உணர்வை மங்கச் செய்யும் வழக்கம் சுசுருத சங்கிதையில் குறிப்பிடப்பட்டுள்ளது. வெட்டுண்ட மூக்கை மீளமைக்கும் முறையை விவரிப்பதும் அதே நூலே ஆதலால், அழகு சார்ந்த அறுவையும் மயக்கமும் இந்திய மருத்துவத்தில் ஒரே இடத்தில் தொடங்குகின்றன எனலாம். நவீன ஈதர் மயக்கம் இந்தியாவில் முதன்முதலாக 1847 மார்ச் 22 அன்று கல்கத்தாவில் அளிக்கப்பட்டது. ஈதர், குளோரோஃபார்ம் ஆகியவற்றின் காலத்தில் நோயாளிகள் கத்துவதும் கைகால்களை உதறுவதும் மிகச் சாதாரணமாக இருந்தன. எனவே 'கிளர்ச்சி நிலை' என்பது மயக்கத்தின் படிநிலைகளுள் ஒன்றாகவே பாடநூல்களில் இடம்பெற்றது.

மயக்கம் தெளியும்போது ஏற்படும் கிளர்ச்சியைத் தனியே ஆராய்ந்தவர்களுள் எக்கன்ஹாஃப் குழுவினர் முதன்மையானவர்கள். 1961 இல் வெளியான அவர்களது ஆய்வு, ஏறத்தாழ 5 விழுக்காட்டு நோயாளிகளிடம் இந்நிலை காணப்பட்டதாகத் தெரிவித்தது.

வகைகள்

தெளிவுநிலைப் பிதற்றல்: மயக்கம் தெளியத் தொடங்கிய சில நிமிடங்களில் நோயாளி தாம் இருக்கும் இடம் அறியாது எழ முயல்வார், ஊசிக்குழாய்களைப் பிடுங்குவார், அருகிலிருப்பவரை அடையாளம் காணமாட்டார். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் இது தானே அடங்கிவிடும். பின்னர் நோயாளிக்கு இதில் எதுவும் நினைவிருப்பதில்லை. செவோஃபுளுரேன் போன்று விரைவில் தெளியும் ஆவிமருந்துகளைப் பெற்ற சிறு குழந்தைகளிடம் இது மிகுதி. குழந்தைகளுக்கான மதிப்பீட்டு அளவுகோல் ஒன்று 2004 இல் வெளியிடப்பட்டது.

அறுவைக்குப் பிந்தைய பிதற்றல் நிலை: இது ஓரிரு நாட்கள் கழித்துத் தோன்றி, ஏறியும் இறங்கியும் நீடிப்பது. முதியவர்களிடமே மிகுதியாகக் காணப்படும். மேற்கூறியதுடன் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது.

கெட்டமீன் எதிர்வினை: கெட்டமீன் 1962 இல் கால்வின் ஸ்டீவன்ஸ் என்பவரால் உருவாக்கப்பட்டு, 1964 இல் முதன்முதலாக மனிதர்களுக்கு அளிக்கப்பட்டு, 1970 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இது மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் அதிகம் குறைப்பதில்லை. விலை உயர்ந்த கருவிகளும் தேவையில்லை. இக்காரணங்களால் சிற்றூர் மருத்துவமனைகளுக்கு மிகவும் ஏற்றதாயிற்று. ஆனால் தெளியும்போது உடலை விட்டு மிதப்பது போன்ற உணர்வு, அச்சமூட்டும் கனவுகள், விகாரமான காட்சிகள் ஆகியவை சிலருக்குத் தோன்றும். மிடசோலம் போன்ற மருந்தை உடன் அளிப்பதால் இவை குறைகின்றன. இந்திய அரசு 2013 டிசம்பரில் கெட்டமீனை எக்ஸ் அட்டவணையில் சேர்த்து அதன் விற்பனையைக் கட்டுப்படுத்தியது. மனத்தைக் கலக்கும் மருந்து எனப் பெயர்பெற்ற இதன் வழிப்பொருளான எஸ்கெட்டமீன், 2019 இல் அமெரிக்காவில் கடும் மனச்சோர்வுக்கான மருந்தாகவே ஒப்புதல் பெற்றது குறிப்பிடத்தக்கது.

பாலியல் சார்ந்த பிரமைகள்: மிடசோலம், புரோபஃபால் ஆகியவற்றின் விளைவில் இருக்கும்போது இத்தகைய பிரமைகள் சிலருக்கு ஏற்படுவது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. நோயாளி கூறுவது பிரமையா, உண்மையில் நடந்த அத்துமீறலா என்பதை வெளியிலிருந்து அறிய இயலாது. எனவே பெண் நோயாளி மயக்கத்தில் உள்ள நேரம் முழுவதும் பெண் உதவியாளர் ஒருவர் உடனிருப்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் ஒருங்கே காப்பாகும். 'மருந்தின் வேலை' என்று கூறி முறையீட்டை விசாரியாமல் தள்ளுவது முறையன்று.

அறுவையின்போது விழிப்பு: உடல் அசைய இயலாதிருக்க, நினைவு மட்டும் திரும்பும் நிலை இது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நடத்தப்பட்டு 2014 இல் வெளியான தேசியத் தணிக்கை, ஏறத்தாழ 19,000 பொது மயக்கங்களுக்கு ஒன்று என்ற வீதத்தில் நோயாளிகள் இதனைத் தாமே தெரிவித்ததாகக் கணக்கிட்டது. எண்ணிக்கையில் அரிதே ஆயினும், நீண்டகால மன உளைச்சலை விட்டுச்செல்வதில் இதற்கே முதலிடம்.

அழகு அறுவை சிகிச்சையில்

மூக்குச் சீரமைப்பு, கொழுப்பு உறிஞ்சல், மார்பக அறுவை, முகச்சுருக்க நீக்கம் போன்றவற்றிற்குப் பின் முதல் இரு வாரங்களில் பலர் காரணமின்றி அழுவதாகவும் செய்துகொண்டதற்கு வருந்துவதாகவும் கூறுகின்றனர். இதனை மயக்க மருந்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. முகம் வீங்கி, தோல் கருநீலமாகி, கண்ணாடியில் தெரிவது பழைய முகமும் அன்று, எதிர்பார்த்த முகமும் அன்று என்ற நிலையே அதில் பெரும்பங்கு வகிக்கிறது. இதனுடன் வலி, உறக்கமின்மை, ஓபியாய்டு வலிநீக்கிகள், வீக்கம் வடிவதற்காகச் சில வேளைகளில் தரப்படும் ஸ்டீராய்டுகள் ஆகியன சேர்கின்றன. வழக்கமாக உட்கொள்ளும் மனச்சோர்வு மருந்தை அறுவைக்காகத் தாமாகவே நிறுத்திவிடுவோரும் உண்டு.

தம் உறுப்பொன்று விகாரமாக உள்ளதென்று ஓயாது எண்ணி வருந்தும் உடல் உருவக் கோளாறு, 1891 இல் இத்தாலிய மருத்துவர் மோர்செல்லியால் முதலில் விவரிக்கப்பட்டது. இக்கோளாறு உடையவர்களுக்கு அறுவையால் பெரும்பாலும் மனநிறைவு கிட்டுவதில்லை. கவலை வேறோர் உறுப்பிற்கு மாறுவதும் உண்டு. 2003 இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், அழகுக்காக மார்பகப் பதியம் வைத்துக்கொண்ட பெண்களிடையே தற்கொலை இறப்புகள் எதிர்பார்க்கப்பட்டதைப்போல் ஏறத்தாழ 3 மடங்காக இருந்தன. பதியமே காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. அறுவைக்கு முன்பே இருந்த மனத்துயர் கவனிக்கப்படாமல் போயிருக்கலாம் என்பதே பலரும் கூறும் விளக்கம்.

மாறாக, சீரமைப்பு அறுவையில் வேறு வகையான மனநிலை காணப்படுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்ததோடு, அழுந்திய மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் மீளமைக்கும் பணியும் அங்கு நடைபெற்றது. அங்கு அழகு என்பது, மீண்டும் ஊருக்குள் நடமாடுவதற்கான உரிமையாக இருந்தது.

மலைப்பகுதியில் சிறப்புக் கூறுகள்

கொடைக்கானலின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கே ஆகும். காற்றில் ஆக்சிசன் 21 விழுக்காடாகவே இருப்பினும், அதன் பகுதி அழுத்தம் கடல்மட்டத்தில் 16 விழுக்காடு ஆக்சிசனைச் சுவாசிப்பதற்கு ஒப்பாகும். உடல்நலம் உள்ளவர் இதனை உணர்வதில்லை. மயக்க மருந்தால் மூச்சு மந்தமான ஒருவருக்கோ ஆக்சிசன் எளிதில் குறைந்துவிடும். அதன் முதல் அறிகுறி அமைதியின்மையும் பிதற்றலுமே. ஆகவே மலையில் தெளியும் நோயாளி முரண்டு பிடித்தால், அதனை மனநிலை சார்ந்தது என்று கருதி உறக்க ஊசி போடுவதற்கு முன் விரலில் ஆக்சிசன் அளவியைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். உறக்க ஊசி அந்நிலையில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நைட்ரசு ஆக்சைடின் ஆற்றலும் அதன் பகுதி அழுத்தத்தைப் பொறுத்ததே. 70 விழுக்காட்டு வாயு கொடைக்கானலில் தரும் பயன், கடல்மட்டத்தில் ஏறத்தாழ 54 விழுக்காடு தரும் பயனே. அதனை மட்டும் பெரிதும் நம்பினால் அறுவையிடையே விழிப்பு ஏற்படக்கூடும். செவோஃபுளுரேன், ஐசோஃபுளுரேன் ஆகியவற்றின் ஆவியாக்கிகள் உயரத்திற்கேற்பத் தாமே ஈடுசெய்துகொள்கின்றன. டெசுஃபுளுரேனின் சூடேற்றப்படும் ஆவியாக்கி அவ்வாறு செய்வதில்லை என்பதால் அளவைக் கூட்டி வைக்கவேண்டும். நரம்பு வழியே செலுத்தப்படும் மருந்துகளுக்கும், குறிப்பிட்ட இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசிகளுக்கும் இச்சிக்கல் இல்லை.

பழனி மலைகளில் வேலியோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் தலைகீழாகத் தொங்கும் பெரிய எக்காள வடிவப் பூக்களைக் கொண்ட, ஊமத்தைக்கு நெருங்கிய தென்னமெரிக்கச் செடி மண்டியுள்ளது. ஊமத்தையிலும் இதிலும் உள்ள ஸ்கோபோலமைன், முன்னர் மயக்கத்திற்கு முந்தைய ஊசியாகப் பரவலாகப் பயன்பட்டது. பிதற்றலையும் நினைவிழப்பையும் ஏற்படுத்துவதால், மூளைக்குள் புகாத கிளைக்கோபைரோலேட்டு இன்று அதன் இடத்தைப் பிடித்துள்ளது. இம்மலைகளில் கிடைக்கும் போதைக் காளானை நாடி வருவோரும் உளர். இத்தகைய பொருள் எதையேனும் உட்கொண்டிருப்பின் அறுவைக்கு முன் மயக்கவியல் மருத்துவரிடம் மறைக்காமல் கூறவேண்டும்.

தவறான நம்பிக்கைகள்

மயக்கம் தெளியும்போது பிதற்றியவரைப் 'பேய் பிடித்தது' என மந்திரிக்க அழைத்துச் செல்வது ஊர்ப்புறங்களில் இன்றும் முற்றாக மறையவில்லை. முதுகில் போட்ட ஊசியால் வாழ்நாள் முழுதும் முதுகுவலி, ஒருமுறை மயக்க ஊசி போட்டால் ஆயுளுக்கும் ஞாபகமறதி என்பன போன்ற கூற்றுகளும் பரவலாக உள்ளன. இளையோருக்கு ஒருமுறை அளிக்கப்படும் மயக்கத்தால் நிலையான நினைவிழப்பு ஏற்படுவதற்குச் சான்று இல்லை. முதியோரிடம் சில வாரங்கள் கவனக்குறைவு நீடிப்பது உண்டு.

தடுப்பும் கவனிப்பும்

தெளியும்போது என்னவெல்லாம் நேரலாம் என்று முன்கூட்டியே எடுத்துரைப்பதே எளிய தடுப்பு. ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் பெறுவது அதற்கு ஈடாகாது. தெளியும் அறையில் ஓசையும் வெளிச்சமும் குறைவாக இருத்தல், கண்ணாடியையும் காதுக்கருவியையும் உடனே தருதல், பழகிய குரல் ஒன்று தாய்மொழியில் பெயர்சொல்லி அழைத்தல் ஆகியவை பயன் தரும். வலி, நிறைந்த சிறுநீர்ப்பை, குளிர் ஆகியன இருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும். கொடைக்கானலின் குளிரில் கடைசியாகக் கூறியது புறக்கணிக்கத்தக்கது அன்று.

விழிப்பு நினைவு உண்டா என்று கேட்பதற்கு 1970 இல் பிரைசு குழுவினர் வகுத்த வினாக்கள் இன்றும் பயன்படுகின்றன. சிலருக்கு அந்நினைவு சில நாட்கள் கழித்தே மேலெழுவதால் ஒருமுறை மட்டும் கேட்பது போதாது. சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினாலோ மனநல மருத்துவரை நாடவேண்டும். 2022 இல் தொடங்கப்பட்ட டெலி மானசு சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் பேசலாம்.

பொது மயக்கம் பெற்றவர் 24 மணி நேரம் வண்டி ஓட்டலாகாது. மதுரையிலோ திண்டுக்கல்லிலோ பகல்நேர அறுவை முடித்து அன்றே வத்தலக்குண்டு வழியாக மலையேறுவோர்க்கு, 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வளைவுச் சாலையில் குமட்டலும் தலைச்சுற்றலும் மிகும். வாந்தியெடுக்கும்போது முகத்தில் ஏற்படும் அழுத்தம் புதிய தையல்களுக்கு நல்லதன்று என்பதால், பயணத்தை மறுநாளைக்குத் தள்ளிவைக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது.