முனிர்கா: சிவப்புக் கோட்டுக்குள் ஒரு தெருவரலாறு

தெருவின் வரலாற்றைக் கட்டடத்தின் வரலாற்றோடு சேர்த்தே எழுதிப் பழகிவிட்டோம். இரண்டின் ஆயுளும் வேறு. வீடு ஒரு தலைமுறைக்குள் இடிபட்டு மீண்டும் எழும். தெருவின் போக்கோ எளிதில் மாறாது. தெற்குத் தில்லியின் முனிர்கா இதற்குத் தக்க சான்று.

1908-09இல் நடந்த நிலவரித் திட்டத்தில், தில்லிச் சிற்றூர்களின் குடியிருப்பை விளைநிலத்திலிருந்து பிரித்து வரைபடத்தில் சிவப்புக் கோடு இட்டனர். ‘லால் டோரா’ எனப்பட்ட அக்கோட்டின் நோக்கம் வரி, நகரமைப்பு அன்று. விடுதலைக்குப்பின் அதே கோடு வேறொரு பணியை ஏற்றது. 1957இல் தில்லி வளர்ச்சி ஆணையம் அமைந்தது. 1962இல் முதல் பெருந்திட்டம் வந்தது. கோட்டுக்கு வெளியே இருந்த வயல்களை அரசு கையகப்படுத்தியது. தில்லித் தமிழர் மலைமந்திரால் அறியும் இராமகிருஷ்ணபுரமும், வசந்த விஹாரும், 1969இல் தோன்றிய ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் முனிர்கா உள்ளிட்ட சுற்றூர்களின் நிலத்தில் எழுந்தவை. கோட்டுக்குள் இருந்த ஊரோ கட்டட விதிகளிலிருந்து விலக்குப் பெற்று நின்றது.

நிலம் இழந்த உழவர் குடிகள் எஞ்சிய மனையில் மாடிமேல் மாடி எழுப்பி, வாடகையை வாழ்வாதாரமாக்கினர். கால்நடைக்கும் வண்டிக்கும் அமைந்த சந்துகளின் இருமருங்கும் அடுக்குமாடிகள் உயர்ந்தன. சந்தின் அகலம் கூடவில்லை.

பாரிங்டன்-லீ, மில்லர்ட்-பால் ஆகிய இருவரும் 2020இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வு, 1975 முதல் உலகின் பல பகுதிகளில் புதிய தெருக்கள் இணைப்புக் குறைந்தே அமைவதைக் காட்டியது. முட்டுச்சந்துகளின் மிகுதி, ஒரு சந்திப்பில் கூடும் தெருக்களின் எண்ணிக்கை, சுற்றுவழியின் நீளம் முதலியன அவர்தம் அளவைகள். வரைபடத்தில் முனிர்காவின் முட்டுச்சந்தும், வாயிற்கதவிட்ட குடியிருப்பின் முட்டுத்தெருவும் ஒன்றுபோலவே தோன்றும். வரலாறு அவற்றை வேறுபடுத்துகிறது. முன்னது உறவுக் குடிகள் அருகருகே வாழ்ந்ததன் எச்சம். பின்னது அயலாரை விலக்கும் ஏற்பாடு.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. தீயணைப்பு ஊர்தி நுழைய இயலாத சந்தில் வாடகைக்கு இருப்போர் மாணவரும் புலம்பெயர்ந்த தொழிலாளரும். தெருவை அகலப்படுத்தினால் இடிபடுவது, முன்னரே வயலை இழந்தவரின் எஞ்சிய ஒரே சொத்து. கட்டியபின் தெருவைத் திருத்துவதற்கு ஆகும் விலை இது.

சென்னை, கோவைப் புறநகர்களில் இன்று மனைப்பிரிவுகள் தனித்தனியே ஒப்புதல் பெறுகின்றன. ஒரு மனைப்பிரிவின் தெரு அடுத்ததன் தெருவோடு சேருமா என்ற வினாவை அவ்வரைபடத்தில் கையொப்பம் இடும்போதே எழுப்பியாக வேண்டும். வரி வசூலுக்காக 1908இல் வரைந்த கோடு முனிர்காவை இன்றும் ஆள்கிறது. வயலை மனையாக்க நாம் வரையும் கோடுகளும் அவ்வாறே நீடிக்கும்.