வங்காளத்துக் காந்தாவும் நம் வீட்டுப் போர்வையும்



பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் குடியேறியிருக்கும் நம்மவர் வீடுகளில், டிரங்குப் பெட்டியின் அடியில், அந்துருண்டை மணத்தோடு ஒரு துணி மடித்து வைக்கப்பட்டிருப்பது உண்டு. தாயாரோ பாட்டியாரோ தம் இளமையில் வட்டச் சட்டத்தில் துணியை இறுக்கி, மயிலும் மலரும் கொடியுமாகப் பூவேலை செய்த விரிப்பு அது. அதற்கு அடித்துணி வைத்து, அடுக்காகச் சேர்த்துத் தைத்துப் போர்வையாக்க வேண்டும் என்று அந்த அம்மையார் எண்ணியிருப்பார். அதற்குள் மணமும் மக்களும் வந்து சேர, வேலை பாதியில் நின்றிருக்கும். இன்று அத்துணி நம் கைக்கு வந்திருக்கிறது. அதை நாமே கையால் தைத்து முடிப்பதா? பழகிய கைகளிடம் கூலிக்குக் கொடுப்பதா? தையற்காரர் இயந்திரத்தில் ஓட்டித் தரட்டும் என்று விட்டுவிடுவதா? அல்லது ஊசியே படாமல் காத்து வைப்பதா?

இது நடுக்கூடத்தில் பேசி முடிக்க வேண்டிய சிறு விஷயம் என்று தோன்றலாம். ஆயினும் நாம் கேட்கும் இதே கேள்வியைச் சுற்றி நானூறு ஆண்டு வரலாற்றை உடைய நிலம் ஒன்று உண்டு. அது வங்காளம். அங்கே பழந்துணிகளை அடுக்கிக் கையால் தைக்கும் போர்வைக்குக் காந்தா என்று பெயர். அதன் வரலாற்றைச் சற்றே அறிந்துகொண்டு பிறகு நம் பெட்டியைத் திறப்போமானால், முடிவு செய்வது எளிதாகும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். வடமொழியில் கந்தா என்றால் ஒட்டுப்போட்ட துணி. அச்சொல்லே வங்காளத்தில் காந்தா என்றும், தமிழில் கந்தை என்றும் வழங்குகிறது. கந்தையையும் கசக்கிக் கட்டச் சொன்னது நம் முதுமொழி. வங்காளப் பெண்மணிகளோ கந்தையைக் கசக்கி, அடுக்கி, சித்திரமும் எழுதினார்கள். சொல் ஒன்றே, அது சென்று சேர்ந்த இடங்கள்தாம் வேறு.

காந்தா முதலில் ஏழையின் உடைமை. கிருஷ்ணதாச கவிராஜர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி எழுதிய சைதன்ய சரிதாமிருதத்தில் இதற்குச் சான்று கிடைக்கிறது. கௌட நாட்டுச் சுல்தானிடம் அமைச்சராயிருந்த சனாதனர், பதவியைத் துறந்து சைதன்யரைத் தேடிக் காசிக்கு வருகிறார். அவர் தோளில் உறவினர் ஒருவர் தந்த விலையுயர்ந்த கம்பளி கிடக்கிறது. சைதன்யர் ஒன்றும் சொல்லவில்லை. அக்கம்பளியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். குறிப்பறிந்த சனாதனர் கங்கைக் கரைக்குச் செல்கிறார். அங்கே வங்காளத்தார் ஒருவர் தம் காந்தாவைத் துவைத்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருக்கிறார். கம்பளியைக் கொடுத்துக் கந்தையைக் கேட்டவரைக் கண்டு, இவர் பரிகாசம் செய்கிறாரோ என்று அந்த மனிதர் ஐயுறுகிறார். பிறகே பண்டமாற்று நடக்கிறது. விற்றால் காசு பெறாதது காந்தா என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது.

ஆனால் அதே காலத்தில், அதே வங்காளத்தில், பெரும்பொருள் பெற்ற போர்வைகளும் தைக்கப்பட்டன. ஹூக்ளிப் பகுதியில் சப்தகிராமம் என்ற பழைய துறைமுகம் இருந்தது. மேனாட்டார் அதனைச் சாத்கான் என்று அழைத்தனர். 16ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த போர்ச்சுகீசிய வணிகர்கள், பருத்தித் துணியின்மேல் காட்டுப் பட்டின் மஞ்சள் நூலால் சங்கிலித் தையலிட்ட பெரிய போர்வைகளைச் செய்வித்துத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார்கள். விவிலியக் கதைகள், கிரேக்கப் புராண வீரர்கள், கப்பல்கள், வேட்டைக் காட்சிகள் ஆகியவை அவற்றில் இடம்பெற்றன. லிஸ்பன், லண்டன், பாஸ்டன் நகரங்களின் அருங்காட்சியகங்களில் அவற்றுட் சில இன்றும் இருக்கின்றன.

அவற்றின் வேலைப்பாட்டைக் குறைகூற ஒருவராலும் இயலாது. கூலிக்குத் தைத்த கை தாழ்ந்த கை என்று நாம் எண்ணிவிடக் கூடாது என்பதற்கு அவையே சான்று. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேட்டவர் இன்னார், கொண்டு சென்றவர் இன்னார் என்று நாம் அறிகிறோம்; தைத்தவர் இன்னார் என்பதுதான் வரலாற்றில் பதியவில்லை.

வீட்டில் பிறந்த காந்தாவின் கதை வேறு. கட்டிக் கட்டி மென்மையாகிப்போன புடவைகளையும் வேட்டிகளையும் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருக்கமின்றி விரிப்பார்கள். அடுக்குகள் நகராதபடி முதலில் பெரிய பெரிய இழைகளாக ஓட்டிக்கொள்வார்கள். புடவைக் கரையிலிருந்து உருவிய சிவப்பு, நீலம், கறுப்பு நூல்களே வண்ணங்கள். நடுவில் ஒரு தாமரை. நான்கு மூலைகளிலும் மரமோ மாங்காய் வடிவோ அமையும். ஊசியை மேலும் கீழுமாக நேரே செலுத்தும் ஓட்டுத் தையல்தான் அதன் உயிர்நாடி. உருவங்களை முடித்த பிறகு, இடையிலுள்ள வெற்றிடம் முழுவதையும் வெள்ளை நூலால் நெருக்கமாகத் தைத்து நிரப்புவார்கள். அந்தத் தையலே துணியில் சிற்றலை போன்ற மடிப்புகளை எழுப்புகிறது. பூவேலை வேறு, போர்வையைச் சேர்க்கும் தையல் வேறு என்ற பிரிவினை அங்கே பெரும்பாலும் கிடையாது. இரண்டும் ஒரே ஊசியின் பணி.

குளிருக்குப் போர்த்தும் தடித்த லேப், விருந்தினருக்கு விரிக்கும் சுஜ்னி, கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்கும் ஆர்ஷிலதா, ஏடுகளைக் கட்டி வைக்கும் பேட்டன் என்று அவை பல வகைப்படும். பகலுணவுக்குப் பின் கிடைத்த ஓய்விலும் மழைக்காலத்துப் பிற்பகல்களிலும் அவை வளர்ந்தன. தாய் தொடங்கியதை மகள் முடித்ததும் உண்டு. பிறக்கப்போகும் பேரக் குழந்தைக்கும், மணம் முடித்துச் செல்லும் மகளுக்கும், மதிப்புக்குரிய பெரியவர்களுக்கும் அவை பரிசாயின.

அத்தகைய பரிசுகளுள் ஒன்று குருசதய் தத்தரின் தொகுப்பில் இருக்கிறது. குல்னாப் பகுதியைச் சேர்ந்த மானதாசுந்தரி என்ற பெண்மணி 19ஆம் நூற்றாண்டில் தைத்தது அது. தம் தந்தைக்காகத் தம் கையாலேயே தைத்தது என்ற செய்தியை அவர் நூலாலேயே அதில் எழுதி வைத்திருக்கிறார். சாத்கான் போர்வைகளில் நாம் தேடியும் காணாத பெயர் இங்கே துணியோடு துணியாகத் தைக்கப்பட்டிருக்கிறது. யாருடைய கை தைத்தது என்பது அவருக்கு உருவங்களைப் போலவே பதிவு செய்யத் தக்கதாயிருந்தது.

குருசதய் தத்தர் 1882இல் பிறந்து 1941இல் மறைந்தவர். இந்தியச் சிவில் சர்வீஸ் அதிகாரி. விரதசாரி இயக்கத்தைத் தோற்றுவித்தவர். மாவட்டங்களில் பணியாற்றியபொழுது கிராம மக்களின் கைவேலைகளைத் தேடிச் சேர்த்தார். அத்தொகுப்பைக் கொண்டு கல்கத்தாவை அடுத்த ஜோகாவில் 1963இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் 1939இல் காந்தாவைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அவர் சேர்த்த காந்தாக்கள் இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் உள்ளன. கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட நக்ஷி காந்தார் மாட் என்னும் கதைப்பாடலில், கணவனைப் பிரிந்த கிராமத்துப் பெண் தன் வாழ்க்கைக் கதையையே காந்தாவில் தைத்துத் தன் கல்லறையின்மேல் அதனை விரிக்கச் சொல்லிவிட்டு மறைகிறாள்.

அறிஞர்களும் கவிஞர்களும் போற்றிய அக்காலத்திலேயே வீடுகளில் காந்தா குறையத் தொடங்கியிருந்தது. ஆலைத் துணியும் கடைக் கம்பளியும் மலிந்தன. பழந்துணிக்குப் பாத்திரம் தரும் வியாபாரியை நம் ஊர்த் தெருக்களில் கண்டிருக்கிறோம்; வங்காளத் தெருக்களிலும் அவர் வந்தார். காந்தாவாக வேண்டிய புடவை பித்தளைக் கிண்ணமாயிற்று. 1947இல் நாடு பிரிந்தபொழுது காந்தா செழித்திருந்த குல்னா, ஜசோர், பரீத்பூர் போன்ற பகுதிகள் எல்லைக்கு அப்பாலாயின.

பின்னர் வந்த மறுமலர்ச்சி வேறு வடிவம் கொண்டது. சாந்திநிகேதனைச் சார்ந்த வீர்பூம் கிராமங்களிலும், 1971க்குப் பின் வங்காளதேசத்திலும், பெண்களுக்கு வருவாய் தரும் தொழிலாகக் காந்தா எழுந்தது. போர்வை மட்டுமன்றிப் புடவையும் மேலாடையும் அத்தையலைப் பெற்றன. 2008இல் மேற்கு வங்காளத்தின் நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023இல் பிரீதிகணா கோஸ்வாமிக்கும், 2024இல் தக்தீரா பேகத்துக்கும் காந்தாக் கலைக்காகப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அவர்களுடைய பெயர்களை நாடு அறிந்தது. ஆனால் கடையில் விற்கும் பெரும்பாலான துணிகளில் விற்பவர் பெயரே இருக்கிறது. பல வாரங்கள் குனிந்து தைத்தவர் பெயர் இல்லை. சாத்கானின் பழைய குறை இன்னும் முழுதும் தீரவில்லை.

இனி நம் பெட்டியைத் திறப்போம்.

உள்ளே இருப்பது ஏற்கெனவே தைத்து முடிந்த மிகப் பழைய போர்வையானால், அதில் புதிய தையல் போடாதிருப்பதே நன்று. முதிர்ந்த நூல் புதிய நூலின் இழுப்பைத் தாங்காது. துவைத்த வெண்பருத்தித் துணியில் வைத்துச் சுருட்டி, வெயிலும் ஈரமும் படாமல் காப்பது போதும். கிழிந்திருந்தால், அருங்காட்சியகத் துணிகளைச் செப்பனிடும் வல்லுநரிடம் காட்டலாம்.

இருப்பது பூவேலை முடிந்து, சேர்ப்புத் தையல் மட்டும் எஞ்சிய விரிப்பானால், முதலில் வேலையின் அளவைக் கணக்கிட்டுக்கொள்வோம். 4 அடி அகலமும் 6 அடி நீளமும் உள்ள துணியில், நீளவாக்கில் கால் அங்குலத்துக்கு ஒரு வரி தைத்தால் 192 வரிகளாகும். மொத்த நீளம் 1,152 அடி. ஏறக்குறைய 350 மீட்டர். ஒரு வரிக்கு அரை மணி என்று கொண்டால் 96 மணி. நாள்தோறும் ஒரு மணி உழைத்தால் மூன்று மாதத்துக்குமேல் பிடிக்கும். இந்தக் காலத்தைத் தர நமக்கு மனமும் கண்ணொளியும் உண்டா என்பதே முதல் கேள்வி.

உண்டு என்றால், கெட்டுவிடுமே என்ற அச்சம் தடையாக வேண்டுவதில்லை. ஓட்டுத் தையல் மன்னிக்கும் தன்மை உடையது; கோணினால் நூலை உருவிவிட்டு மீண்டும் தைக்கலாம். இயந்திரத் தையலோ மேல்நூலும் கீழ்நூலும் பின்னி இறுகுவது. பழைய துணியில் அதைப் பிரிக்க முற்பட்டால் துணியே ஊறுபடும். சாயம் போகிறதா என்று ஈரத்துணியால் ஒரு மூலையில் ஒற்றிப் பார்த்துக்கொள்வோம். துவைத்துத் துவைத்துச் சுருக்கம் நின்றுபோன பருத்திப் புடவையையே அடித்துணியாக இடுவோம். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய இழைகளால் அடுக்குகளை இணைத்துக்கொண்டு, பூக்களின்மேல் ஊசியை ஏற்றாமல் அவற்றைச் சுற்றிச் சுற்றித் தைப்போம். அதற்கு முன் ஒரு முழத்துணியில் பழகுவது அவசியம்.

பாட்டியாரின் நுண்ணிய வேலைக்கு அருகில் நம் தையல் கரடாகத் தெரியும் என்று தயங்குவோரும் உளர். தெரியத்தான் செய்யும். ஒரு தலைமுறை தொடங்கியதை மறு தலைமுறை முடித்தது என்பதை அந்த வேறுபாடே சொல்லும். அது மறைக்க வேண்டிய குறையன்று.

காலமோ கண்ணோ இடந்தராவிட்டால், வருத்தமின்றிப் பழகிய கையிடம் கொடுக்கலாம். கொல்கத்தாவில் வாழ்வோருக்குக் காந்தா தைக்கும் பெண்கள் அருகிலேயே இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் வாழ்வோருக்குக் கோதடி தைப்போரும், கர்நாடகத்தில் வாழ்வோருக்குக் கௌதி தைப்போரும் உண்டு. மேலே போட்ட கணக்கை மறவாமல், செலவாகும் மணிகளுக்கு ஏற்ற கூலியைத் தருவது நம் கடமை. தைத்தவர் பெயரைக் கேட்டு அறிந்துகொள்வதும் அத்தகைய கடமையே.

நாமே தைத்தாலும் பிறரைக் கொண்டு தைத்தாலும், கடைசி வரி முடிந்தபின் ஊசியை உடனே எடுத்து வைத்துவிட வேண்டாம். துணியின் ஓரத்தில் ஒரு சாண் இடம் விட்டிருப்போம். பூவேலை செய்தவர் பெயர், தைத்து முடித்தவர் பெயர், முடித்த ஆண்டு ஆகிய மூன்றையும் நூலாலேயே அங்கே எழுதிவிடுவோம். நம் பேரப் பிள்ளைகள் எந்த மாநிலத்தில், எந்த மொழி பேசி வாழ்ந்தாலும், தங்களைப் போர்த்தியவர் யார் என்று அறிந்துகொள்ள அது போதும்.