தனுஷ்கோடி தேவாலயம்: 46 நாளில் பாலம் வந்தது, கோவில் வரவில்லை

தமிழ்நாட்டுக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் தனுஷ்கோடியிலிருந்து ஒரே படத்தைத்தான் எடுத்துட்டு வராங்க. கூரையில்லாத தேவாலயம், பின்னால் வானம். பேய் ஊர் என்று தலைப்பு வேறு.

அது பேய் ஊராகப் பிறக்கவில்லை. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறி இன்றைய போர்ட் கிள்ளானில் இறங்கியது போல, இலங்கைக்குப் போனவர்களுக்குத் தனுஷ்கோடி வாசல். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் அங்கு வரை போனது. பிறகு தலைமன்னாருக்குக் கப்பல். ரயில் நிலையம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், மீனவக் குடியிருப்புகள், இந்தக் கோவில் எல்லாம் இருந்த ஊர் அது.

எனக்கு அந்தச் சுவர்கள் மேல்தான் கண். பூச்சு உதிர்ந்த இடங்களில் பாருங்க, மூளை மடிப்பு போலவும் தேன்கூடு போலவும் கற்கள். எல்லாம் பவளப்பாறை. எடை குறைவு, வெட்டுவது சுலபம், சுண்ணாம்புக் கலவை நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஓட்டை நிறைந்த கல் இல்லையா? உப்புநீர் உள்ளே போய்க் காயும்போது உப்பு படிகமாகிக் கல்லையே உதிர்த்துவிடும். கூரையும் பராமரிப்பும் இருக்கிற வரைதான் அந்தச் சுவருக்கு ஆயுசு. இன்று அதே கல்லில் திரும்பக் கட்டவும் முடியாது. இந்தியாவில் பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம்.

1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு அப்படியே அலையில் போனது. பாம்பன் பாலமும் சிதைந்தது. அதை இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். எங்க துறையில் இன்னமும் பெருமையாகச் சொல்லும் கதை. ஆனால் தனுஷ்கோடி வரை தண்டவாளம் திரும்பப் போடப்படவே இல்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. புயல்தான் ஊரை அழித்தது என்று மட்டும் சொல்வது எனக்குப் பாதிக் கதையாகத்தான் படுகிறது.

ஏன்னா, பக்கத்திலேயே கச்சத்தீவு இருக்கு. நிரந்தரமாக யாருமே குடியில்லாத தீவு. 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போனது. இருந்தும் அங்குள்ள அந்தோனியார் கோவில் திருவிழாவுக்கு இரண்டு கரை மீனவர்களும் படகேறி வருகிறார்கள். அங்கே கோவில் பிழைத்திருக்கிறது.

இங்கே கிள்ளான் பள்ளத்தாக்கில் வேறு மாதிரி. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவானது, பங்சார் தோட்டம் பணக்காரத் தாமானானது. தோட்டம் கைமாறும்போது லயத்தோடு கோவிலுக்கும் செபக்கூடத்துக்கும் இடம் போய்விடும். அங்கே படம் எடுக்கக்கூட ஒரு சுவர் நிற்காது.

2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டார்கள். வாழத் தகுதியற்ற அந்த ஊரில் இன்றும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசையில் வாழ்கின்றன. இடிந்த கோவிலைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சங்கும் சிப்பியும் விற்கிறார்கள்.