ஆரஞ்சு விளக்கின் பூர்வகதை

1949-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்து பாகங்களைக் கோத்து ஆஸ்டின் கார்களைத் தயாரிக்க ஆரம்பித்தது. பக்கத்துத் திருவொற்றியூரில் 1950-களில் என்ஃபீல்டு புல்லட் வந்தது. அதன் முகப்பில் ஓர் அம்மீட்டர். முள் 'மைனஸ்' பக்கமே கிடந்தால், பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம்! வண்டியின் நாடியை ஓட்டுகிறவரே பிடித்துப் பார்த்த காலம் அது.

இன்றைய கார்களிலோ, இன்ஜின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு. 'வண்டிதான் ஓடுதே, விடுங்க சார்!' என்போம். ஆனால், அந்த விளக்கு பிறந்ததே புகையைப் பிடிக்கத்தான்!

1943, ஜூலை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸும் ஒரு துறைமுக நகரம்தான். திடீரென்று கண்ணெரியும் மூட்டம் சூழ, 'ஜப்பான்காரன் விஷவாயு போட்டுட்டான்' என்று ஜனங்கள் பதறினார்கள். நிஜக் குற்றவாளியை 1950-களின் தொடக்கத்தில் பிடித்தவர், அதுவரை அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட். கார் புகையும் எண்ணெய் ஆலைப் புகையும் வெயிலோடு கூடிச் செய்த வேலை அது!

விளைவு? புகைக் கட்டுப்பாட்டில் கோளாறு என்றால் காரே விளக்கேற்றிச் சொல்ல வேண்டும் என்றது கலிஃபோர்னியா. 1988 மாடல்களிலிருந்து அது அமலானது. சென்னைக்கு 2010-ல், பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு வந்தது.

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால், பெட்ரோல் சரியாக எரியாமலே வெளியேறுகிறது. வேகத்தைக் குறைத்து மெக்கானிக்கைப் பாருங்கள். ஏற்கெனவே கன்டெய்னர் லாரிகள் புகையும் எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிறீர்களா? பின்னாடி வருகிற ஸ்கூட்டர்காரரைக் கண்ணாடியில் ஒரு தடவை பாருங்கள். அந்த விளக்கு அவருக்காகவும்தான் எரிகிறது!