ராஜாஜி ஊருக்குப் பக்கத்தில் ஒரு கோழிக் கடை

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு சின்ன கிராமம். 1878 டிசம்பர் 10-ம் தேதி ராஜாஜி பிறந்தது இங்கேதான். அவர் பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. ஓசூரில் பள்ளிப்படிப்பு, அப்புறம் பெங்களூர் சென்ட்ரல் காலேஜ். இன்றைக்கு ஓசூர் பசங்க படிப்புக்கும் வேலைக்கும் பெங்களூர் பஸ் ஏறுகிறார்களே, அந்த வழியில் அவர் 130 வருடம் முன்பே போய்விட்டார்!

அதே பெங்களூரில், 1995 ஜூன் மாதம், பிரிகேட் ரோட்டில் ஒரு புது சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். கென்டக்கி ஃப்ரைடு சிக்கன், அதாவது கே.எஃப்.சி. இந்தியாவிலேயே அதன் முதல் கடை. அப்போது அது பெப்சிகோ கம்பெனியின் கையில் இருந்தது.

ராஜாஜியோ சுத்த சைவம். அவருக்கும் இந்தக் கோழிக் கடைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு தொழிற்சாலை கட்டவும், மெஷின் இறக்குமதி செய்யவும், உற்பத்தியைக் கூட்டவும் டெல்லியின் அனுமதி வேண்டியிருந்தது. இதை 'பர்மிட்-லைசென்ஸ் ராஜ்யம்' என்று சாடி, 1959-ல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 80. 1972-ல் அவர் காலமானபோது அந்த ராஜ்யம் அசையாமல் இருந்தது. 1991-ல் நரசிம்ம ராவ் அரசுதான், மன்மோகன் சிங் நிதி அமைச்சராக இருந்தபோது, பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸை எடுத்தது. வெளிநாட்டு முதலீட்டுக்கும் வழி விட்டது. அந்த வழியாக வந்ததுதான் கே.எஃப்.சி. அசைவமே தொடாத மனிதர் கேட்ட கதவு திறந்ததும் உள்ளே வந்தது பொரித்த கோழி!

கடையைப் பார்த்த பெங்களூர் இரண்டாகப் பிரிந்தது. இளவட்டங்களுக்கு அது அமெரிக்கா போகாமலே அமெரிக்கா. கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கத்துக்கோ அது ஆபத்தின் அறிகுறி. அதன் தலைவர் பேராசிரியர் எம்.டி.நஞ்சுண்டசாமி சட்டம் படித்தவர், லோகியா வழி சோஷலிஸ்ட். 1992 டிசம்பரிலேயே பெங்களூரில் இருந்த கார்கில் விதைக் கம்பெனி ஆபீசை இந்தச் சங்கத்துக்காரர்கள் சூறையாடியிருந்தார்கள். விதை கம்பெனிக்காரன் கைக்குப் போனால் விவசாயி அவனுக்கு அடிமை என்பது அவர்கள் வாதம். கே.எஃப்.சி. விஷயத்தில் இன்னொரு கணக்கும் சொன்னார்கள். மனிதன் சாப்பிட வேண்டிய தானியம் கோழித் தீவனமாகப் போகும், அதற்காக நிலமும் திரும்பும் என்றார்கள். பிராய்லர் கோழி ஒரு கிலோ எடை ஏற ஏறக்குறைய இரண்டு கிலோ தீவனம் தின்னும். ஆகவே இது வெறும் கூச்சல் இல்லை.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 1995 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி, கோழியில் அஜினோமோட்டோ (எம்.எஸ்.ஜி.) அளவுக்கு மேல் இருக்கிறது என்று சொல்லி கடையின் லைசென்ஸையே ரத்து செய்தது. ராஜாஜி வாழ்நாள் கடைசி வரை திட்டிய அதே லைசென்ஸ்! கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய் கடையை மறுபடி திறந்தது. டெல்லியில் திறந்த கடைக்கும் சில வாரங்களிலேயே சுகாதாரப் புகாரில் பூட்டு விழுந்தது. 1996 ஜனவரி 30, காந்தி நினைவு நாள். சுமார் நூறு விவசாயிகள் பிரிகேட் ரோடு கடைக்குள் புகுந்து கண்ணாடி, மேஜை நாற்காலிகளை அடித்து நொறுக்கினார்கள். பிறகு கடைக்குப் போலீஸ் காவல் வந்தது.

இதைப் பார்த்து மற்றவர்கள் உஷாரானார்கள். 1996 அக்டோபரில் டெல்லியில் முதல் கடை திறந்த மெக்டொனால்ட்ஸ், மாட்டிறைச்சி இல்லாத மெனுவோடு வந்தது. கே.எஃப்.சி. பல வருடம் அடக்கி வாசித்தது. 2000-களின் நடுவில்தான் மற்ற ஊர்களுக்குப் பரவியது, சைவ ஐட்டங்களோடு. இன்றைக்கு புதுக் கிளை திறந்தால் செய்தி கூட வராது.

அப்படியானால் விவசாயிகள் பயந்தது வீண் பயமா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதே 1990-களில் நம் கொங்கு நாட்டில், உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கம், ஒப்பந்தக் கோழி வளர்ப்பு பெருகியது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. வளர்ந்த கோழி கம்பெனிக்கு, விவசாயிக்கு வளர்ப்புக் கூலி. விலை விழுந்தால் அந்த நஷ்டம் தன் தலையில் விழாது என்று பல பேர் விரும்பித்தான் சேர்ந்தார்கள். ஆனால் தன் பண்ணையில் வளரும் கோழியே தனக்குச் சொந்தமில்லை! விவசாயி கம்பெனியின் கூலியாகிவிடுவான் என்று பெங்களூரில் பயந்தார்களே, அது உள்ளூர் கம்பெனிகள் மூலமாகவே வந்தது. அதற்காக யாரும் கண்ணாடியை உடைக்கவில்லை.

ராஜாஜியும் நஞ்சுண்டசாமியும் எதிரெதிர் கட்சி. ஆனால் இரண்டு பேரும் கேட்ட கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். நம் ஊரில் எது நடக்க வேண்டும் என்று எங்கேயோ உட்கார்ந்திருப்பவன் ஏன் முடிவு செய்ய வேண்டும்? ராஜாஜிக்கு அந்த 'எங்கேயோ' டெல்லி. நஞ்சுண்டசாமிக்கு அமெரிக்கா. பல்லடத்து விவசாயிக்கு அது பக்கத்து டவுனிலேயே இருக்கிறது.