முதுமையும் றொக் இசையும்: றோலிங் ஸ்ரோன்ஸ் பற்றிய விவாதத்தின் வரலாறு

ஓர் இசைக்குழு எப்பொழுது முடிவெய்துகின்றது? உறுப்பினர் பிரிந்து செல்லும்போதா, புதிய ஆக்கங்கள் வற்றும்போதா, அன்றி மக்கள் அதனைத் தம் காலத்தின் குரலாகக் கொள்ளாது விடும்போதா? பிரித்தானியாவின் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவைப் பொறுத்தவரை இவ்வினா ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அதன் இரசிகரிடையே விவாதிக்கப்பட்டு வருகின்றது. 1962ஆம் ஆண்டு யூலை 12ஆந் திகதி இலண்டன் ஒக்ஸ்போட் வீதியிலிருந்த மார்க்கீ கழகத்தில் அப்பெயருடன் முதன்முதலாக மேடையேறிய இக்குழு, 2024இலும் ஐக்கிய அமெரிக்காவின் பெரும் விளையாட்டரங்குகளிலே பாடியது. அவ்வாண்டுச் சுற்றுப்பயணத்துக்கு அனுசரணை வழங்கியது ஐம்பது வயதைக் கடந்தோர் நலன் பேணும் அமெரிக்கச் சங்கமொன்று என்பது இரசிகர் பலருக்கு நகைப்பையும் சிலருக்கு மனவருத்தத்தையும் ஒருங்கே அளித்தது. இவ்விவாதத்தை வெறும் இரசிகர் பூசல் என ஒதுக்கிவிடல் எளிது. ஆயின், கலைஞரை மதிப்பிடும்போது நாம் எந்த அளவுகோலைக் கையாளுகின்றோம் என்பதும், அவ்வளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதும் இதனுள்ளே அடங்கியிருத்தலால், இதன் வரலாறு சற்று நின்று நோக்கத்தக்கதாகின்றது.

குழுவின் தோற்றத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும். 1961 ஒக்ரோபரில் டாட்போட் புகையிரத நிலையத்திலே மிக் ஜகரும் கீத் றிச்சாட்சும் தற்செயலாகச் சந்தித்தனர். இளமையில் ஒரே பாடசாலையிற் பயின்றவர்களாயினும் இடையில் தொடர்பு அற்றிருந்தவர்கள். ஜகர் அப்போது இலண்டன் பொருளியற் கல்லூரி மாணவர். அவரது கையில் சக் பெரியினதும் மடி வோற்றர்சினதும் இசைத்தட்டுகள் இருந்தமையே அவர்களைப் பேசவைத்தது. அன்றைய பிரித்தானியாவில் அத்தகைய தட்டுகள் எளிதிற் கிடைக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து தபாலில் வரவழைக்க வேண்டியிருந்தது. பின்னர் அவர்களுடன் இணைந்த பிறயன் ஜோன்சும் அதே நாட்டமுடையவர். குழுவுக்கு அவர் சூட்டிய பெயர் மடி வோற்றர்ஸ் 1950இல் வெளியிட்ட பாடலொன்றின் தலைப்பிலிருந்து பெறப்பட்டது.

புளூஸ் என வழங்கும் அவ்விசை, அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்களிடையே தோன்றியது. மிசிசிப்பியின் பருத்தித் தோட்டங்களை விட்டு வடக்கே தொழில் தேடிச் சென்றோர் அதனைச் சிக்காக்கோ நகருக்குக் கொணர்ந்து மின்கிற்றாரில் இசைத்தனர். அதன் பொருள் இளைஞரின் களியாட்டம் மட்டுமன்று. வேலையும் கடனும் துரோகமும் பிரிவும் சிறையும் கண்டு முதிர்ந்தவர்களின் அனுபவம் அது. 1962இல் மடி வோற்றர்ஸ் ஐம்பதை அண்மித்துக்கொண்டிருந்தார். 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றிற்கு ஸ்ரோன்ஸ் அழைக்கப்பட்டபோது ஹவ்லின் வூல்பும் அதில் தோன்றினார். ஐம்பத்துநான்கு வயதினரான அவர் பாட, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவ்விளைஞர் அவர் காலடியில் அமர்ந்து கேட்டனர். வெள்ளையின அமெரிக்கக் குடும்பங்கள் பல அன்றே அவரை முதன்முறையாகக் கண்டிருத்தல் கூடும். முதியோர் பாட இளையோர் பணிந்து கேட்கும் அக்காட்சியிலே, இக்குழு தன் கலைக்கு முதலிற் கொண்டிருந்த அளவுகோல் வெளிப்படுகின்றது. அதன்படி வயது குறையன்று, தகுதி.

ஆயின் சந்தை வேறோர் அளவுகோலை அவர்கள்மீது சுமத்தியது. முகாமையாளர் அன்ட்றூ லூக் ஓல்ட்ஹம், பெற்றோர் வெறுக்கும் பிள்ளைகளாக அவர்களைக் காட்டுவதே வணிகத்துக்கு உகந்தது எனக் கண்டார். சொந்தப் பாடல்களை எழுதுமாறு ஜகரையும் றிச்சாட்சையும் தூண்டியவரும் அவரே. 1965இல் வெளிவந்த ‘சற்றிஸ்ஃபக்ஷன்’ அவர்களை உலகறியச் செய்தது. அதே ஆண்டில் த ஹூ குழுவின் பீற் ரவுண்சென்ட் எழுதிய பாடலொன்று, முதுமையடையுமுன் மாய்ந்துவிட விரும்பும் இளைஞனின் குரலாக ஒலித்தது. இவ்வாறு றொக் இசை இளமையுடன் தன்னைப் பிணைத்துக்கொண்டது. பிணைத்தவர்களுக்கோ அப்போது இருபது வயது. நாற்பது வயது தமக்கும் வரும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பின்னெழுந்த விவாதமெல்லாம் இவ்விரு அளவுகோல்களின் மோதலே என்பது எனது கருத்து. எனினும் இரசிகர் இதனை இவ்வாறு கூறுவதில்லை. அவர்கள் ஆண்டுகளைக் கொண்டே வாதிடுவர். பிறயன் ஜோன்ஸ் 1969 யூனில் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, அடுத்த மாதம் 3ஆந் திகதி நீச்சற் குளத்தில் இறந்தமையோடு உண்மையான ஸ்ரோன்ஸ் மறைந்தது என்போர் உளர். அவருக்குப் பின் வந்த மிக் ரெயிலர் 1974 டிசெம்பரில் விலகியமையே வீழ்ச்சியின் தொடக்கம் என்போர் இன்னும் பலர். ரெயிலரின் கிற்றார் நயத்தைக் கேட்டவர்களுக்கு இவ்வாதம் முற்றிலும் பொருளற்றதாகத் தோன்றாது. 1981ஐ எல்லையாகக் கொள்வோரும், பில் வைமன் வெளியேறிய 1990களின் தொடக்கத்தைச் சுட்டுவோரும், 2021இல் சாளி வாட்ஸ் இறந்ததன் பின் அப்பெயரையே கைவிட்டிருக்க வேண்டும் என்போரும் உளர். ஒருவர் எவ்வயதில் அவ்விசையை முதன்முதல் கேட்டார் என்பதை அறிந்தால், அவர் எவ்வாண்டை வீழ்ச்சியின் தொடக்கமாகக் கூறுவார் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

இத்தகைய காலப்பகுப்பை ஐயுறவோடு நோக்குதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு. 1968 முதல் 1972 வரை வெளிவந்த நான்கு தட்டுகளே குழுவின் உச்சம் என்பதில் இன்று பெரும்பாலோர் உடன்படுவர். அவற்றுள் இறுதியானது ‘எக்சைல் ஒன் மெயின் ஸ்றீற்’. பிரித்தானிய வரிச்சுமையிலிருந்து விலகி 1971இற் பிரான்சின் தென்கரையிற் குடியேறியிருந்த காலத்தே, றிச்சாட்ஸ் வாடகைக்கு எடுத்த மாளிகையின் நிலவறையில் அதன் பெரும்பகுதி உருவாயிற்று. இன்று தலைசிறந்ததாகப் போற்றப்படும் அத்தட்டு வெளிவந்தபோது விமர்சகர் பலர் தயங்கினர். ஒலி கலங்கியது, நீளம் மிகுந்தது, சிறந்த தனிப்பாடல் குறைவு என்றனர். லெஸ்ரர் பாங்ஸ் முதலிற் குறைகூறியவர். விரைவிலேயே தம் கருத்தை மாற்றிக்கொண்டு அதனை உயர்த்தி எழுதினார். உச்சம் என நாம் கருதும் காலத்திலேயே வீழ்ச்சி பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது என்பது இதனாற் பெறப்படும்.

இதன் மறுதலையும் உண்டு. 1981இல் வெளிவந்த ‘ரற்று யூ’ குழுவின் இறுதிப் பெரும் படைப்பு என்பது இரசிகர் பலரின் முடிபு. அதிலுள்ள பாடல்களிற் பெரும்பாலானவை முந்திய ஆண்டுகளிற் பதிவாகிக் கைவிடப்பட்டிருந்தவை; எடுத்துச் செப்பனிட்டு வெளியிடப்பட்டவை. அக்காலத்தின் புத்துயிர் எனக் கொண்டாடப்பட்டது பெரும்பாலும் பழஞ்சரக்கே.

இடையில் நேர்ந்த தாக்குதல் ஒன்றையும் குறித்தல் வேண்டும். பங்க் இசையினர் 1970களின் நடுப்பகுதியில் எழுந்தபோது, மாளிகைகளில் வாழும் றொக் இசைஞர்களைத் தம் பகைவராகக் கண்டனர். த கிளாஷ் குழு 1977இல் வெளியிட்ட பாடலொன்று எல்விஸ், பீற்றில்ஸ் ஆகிய பெயர்களோடு இவர்களது பெயரையும் சுட்டியே நிராகரித்தது. தாம் முன்னர் பிறர்மீது எறிந்த கல் தம்மீதே வந்து விழுந்த நிலை அது. அடுத்த ஆண்டில் வெளிவந்த ‘சம் கேர்ள்ஸ்’ ஒருவகையில் இதற்கு விடையாயிற்று. ஆயினும் அதிலுள்ள ‘மிஸ் யூ’ டிஸ்கோவின் தாளத்தை ஏற்றுக்கொண்டமை பழைய இரசிகர் சிலருக்குப் பொறுக்கவில்லை. மாறாவிடின் தேக்கம் என்றும், மாறினால் துரோகம் என்றும் பழிக்கப்படுதல் நீண்டகாலம் வாழும் கலைஞர் யாவர்க்கும் பொதுவான இடர்.

1980களின் நடுவில் ஜகருக்கும் றிச்சாட்சுக்கும் இடையே எழுந்த பிணக்கினாற் குழு ஏறத்தாழக் கலைந்திருந்தது. 1989இல் அவர்கள் மீண்டும் இணைந்து ‘ஸ்ரீல் வீல்ஸ்’ என்னும் பெயருடன் சுற்றுப்பயணம் புறப்பட்டபோது, பத்திரிகைகள் அதனை உருக்குச் சக்கர நாற்காலிப் பயணம் எனக் கேலி செய்தன. ஜகருக்கு அப்போது நாற்பத்தாறு வயதே! இந்த ஆண்டையே நான் முக்கியமானதாகக் கருதுகின்றேன். ஆயின் அதற்கான காரணம் அவர்களது வயதன்று, பொருளாதாரம். 1960களிற் பதிவான பாடல்களின் உரிமை முன்னாள் முகாமையாளர் அலன் கிளைனின் நிறுவனத்தைச் சேர்ந்துவிட்டது. தட்டு விற்பனையை மட்டும் நம்பியிருத்தல் இயலாதெனக் கண்ட அவர்கள், கனேடிய ஏற்பாட்டாளர் மைக்கல் கோலுடன் இணைந்து பயணம் முழுவதையும் ஒரே வணிகமாக ஒழுங்கமைத்தனர். அதுவரை புதிய தட்டை விற்பதற்காகவே சுற்றுப்பயணம் மேற்கொள்ளப்பட்டது. இப்போது சுற்றுப்பயணத்துக்கு ஒரு காரணம் காட்டுவதற்காகத் தட்டு வெளியிடப்படலாயிற்று. 2005 முதல் 2007 வரையான பயணம் 55 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் ஈட்டி, அதுவரை நடந்தவற்றுள் அதிக வருவாய் பெற்றதாயிற்று. அப்பயணத்தை ஒட்டி வெளிவந்த தட்டின் பாடல்களை இன்று எத்தனை பேர் நினைவிற் கொண்டுள்ளனர்?

இவ்விடத்தில் எனது மதிப்பீட்டைக் கூறிவிடுதல் நேர்மையாகும். பாடலாக்குநர் என்ற வகையில் அவர்களது பெரும்பணி 1981உடன் முடிந்துவிட்டது என்னும் கட்சியே வலுவுடையது. ஆனால் இதனைக் கொண்டு அவர்கள் பொருளற்றுப் போயினர் என முடிவு கட்டுவது தவறு. 2016 மார்ச் 25ஆந் திகதி ஹவானாவில் அவர்கள் கட்டணமின்றி நிகழ்த்திய இசையரங்கிற்குப் பல இலட்சம் மக்கள் திரண்டனர். 1960களில் றொக் இசையைக் கியூப அரசாங்கம் ஐயத்தோடு நோக்கிய காலத்தே, அதனை மறைவிற் கேட்டு வளர்ந்தோர் அக்கூட்டத்தில் இருந்தனர். இலண்டனில் நாற்பது ஆண்டுப் பழமையாகிப்போன பாடல் அவர்களுக்கு அன்றே நேரில் வந்தடைந்தது. எங்கே, யாருக்கு என்னும் வினாக்களை விட்டு, ‘காலத்துக்குப் பொருந்துமா’ என வினவுவோர் தம் ஊரையே உலகமாகக் கொள்கின்றனர்.

குழுவின் ஆதரவாளர் மற்றொரு நியாயமும் கூறுவர். புளூஸ் இசைஞர் முதுமையிலும் பாடினர். ஸ்ரோன்சும் அம்மரபின் வழிவந்தோர். எனவே அவர்களை இளமை கொண்டு அளத்தல் பொருந்தாது என்பது அது. இதனை நான் ஏற்கின்றேன். ஆயின் மரபுரிமை கோருவோர் மரபுக்கடனுக்கும் பொறுப்பாவர். 1968இல் வெளிவந்த தட்டொன்றில் றொபேட் வில்கின்சின் பாடல் முதலில் ஜகர், றிச்சாட்ஸ் ஆகியோரின் பெயரிலேயே அச்சாயிற்று. அடுத்த ஆண்டுத் தட்டிலே றொபேட் ஜோன்சனின் பாடலுக்கு வேறொரு புனைபெயர் இடப்பட்டிருந்தது. ஜோன்சனின் பாடல்களின் உரிமை தொடர்பான வழக்கு அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றத்தை அடைந்து, அவை பொதுவுடைமையல்ல என 2000ஆம் ஆண்டிலேயே தீர்ந்தது. காலடியில் அமர்ந்து கேட்டவர்கள் தட்டின் முகப்பில் ஆசானின் பெயரை எழுத மறந்தனர் என்பது சிறிய குறையன்று. மறுபுறம், அவர்களால் மடி வோற்றர்சும் ஹவ்லின் வூல்பும் புதிய கேட்போரைப் பெற்றனர் என்பதும் மறுக்கலாகாத உண்மை. 1981 நவெம்பரில் சிக்காக்கோவின் சிறு கழகமொன்றில் மடி வோற்றர்சுடன் அவர்கள் மேடையேறிப் பாடியமை பதிவாகியுள்ளது. அங்கே அவர்கள் மீண்டும் மாணவராகவே நிற்கின்றனர்.

அடிமைமுறையைப் பின்னணியாகக் கொண்ட ‘பிறவுண் சுகர்’ என்னும் 1971ஆம் ஆண்டுப் பாடலை 2021இல் அவர்கள் மேடைநிரலிலிருந்து நீக்கியதும் பெரும் வாக்குவாதத்தைக் கிளப்பிற்று. கொடுமையைக் கண்டிக்கும் பாடல் என்றனர் சிலர். கொடுமையை ஆடிக் களிக்கும் பாடல் என்றனர் வேறு சிலர். அரை நூற்றாண்டின் பின்னும் ஒரு பாடலைப் பற்றி இத்துணை வெப்பத்தோடு வாதிடுவோர், அதனை ஆக்கியோர் காலாவதியாகிவிட்டனர் என்றும் அதே மூச்சிற் கூறுவது விந்தையே.

சாளி வாட்ஸ் 2021 ஓகஸ்ற் 24ஆந் திகதி இறந்தார். 1963இன் தொடக்கம் முதல் ட்றம்ஸ் இசைத்தவர், ஆரவாரமற்றவர், ஜாஸ் இசையையே மனத்தால் விரும்பியவர். அடுத்த மாதமே ஸ்ரீவ் ஜோடனுடன் குழு மேடையேறியது. இரசிகர் பலர் இதனை விரைவெனக் கருதினர். நுழைவுச்சீட்டு முன்னரே விற்கப்பட்டிருந்தமையும், பயணத்துக்கு ஜோடன் தமக்குப் பதிலாக அமர்வதை நோயுற்றிருந்த வாட்ஸ் ஏற்றிருந்தமையும் அவ்வாதத்திற் பெரும்பாலும் கூறப்படாது விடுபடுகின்றன.

2016இல் வெளிவந்த ‘புளூ அன்ட் லோன்சம்’ என்னும் தட்டில் அவர்களது சொந்தப் பாடல் ஒன்றேனும் இல்லை. பன்னிரண்டும் பழைய புளூஸ் பாடல்கள். மூன்று நாட்களிற் பதிவான அத்தட்டுக்கு, அதற்கு முந்திய பல தட்டுகளுக்குக் கிட்டாத பாராட்டுக் கிடைத்தது. 2023இல் வந்த ‘ஹக்னி டயமன்ட்ஸ்’, பதினெட்டு ஆண்டுகளின் பின் சொந்தப் பாடல்களைக் கொண்டு அமைந்தது. அதன் இறுதியில் மட்டும் பிறர் பாடல் ஒன்று உண்டு. ஜகரும் றிச்சாட்சும் தனித்து நின்று இசைக்கும் அப்பாடல், குழுவுக்குப் பெயர் தந்த மடி வோற்றர்சின் 1950ஆம் ஆண்டுப் பாடலேயாகும். அதனைப் பதிவுசெய்தபோது வோற்றர்ஸ் நாற்பதை எட்டவில்லை. ஹக்னி டயமன்ட்ஸ் வெளிவந்தபோது ஜகருக்கு வயது எண்பது.